இரண்டு மூட்டை தேசிக்காய்

கடன் வாங்கியவன் காசோடு வரவில்லை.
ஐப்பசி முதல் கிழமை, விடிய நாலரைக்கு,
லொறியை வீதி முனையில் நிறுத்திவிட்டு
இரண்டு மூட்டை தேசிக்காயை லிப்டுக்குள் தள்ளி
ஐந்தாம் மாடிக்கு அமத்திவிட்டுப் போய்விட்டான்
என் தம்பி கேதீஸ்வரன்.
கதவு திறந்தபோது ஆள் இல்லை.
வாசம் மட்டும் இறங்கி வந்தது.

மொனராகலைப் பக்கம் காய்த்துக் கொட்டுகிறதாம்.
பேலியகொடையில் கிலோ அறுபதுக்கும் கேட்க ஆளில்லையாம்.
இதே காய் சித்திரையில்
ஒன்று ஐம்பது ரூபாய் போகும்,
வெள்ளவத்தைக் கடைக்காரன் அதை
நகைபோலத் துடைத்து அடுக்குவான்.

இவர் மூட்டைகளைப் பார்த்தார்.
கொப்பியைத் திறந்தார்.
கேதீஸ், எண்பத்தையாயிரம் என்ற வரிக்குக் கீழே
பேனையை வைத்து
ஒன்றும் எழுதாமல் மூடினார்.
அன்றிலிருந்து என்னோடு கதையில்லை.

நாலாகக் கீறவேணும், அடி பிரியக்கூடாது.
உள்ளே கல்லுப்பு, கைநிறைய.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
கடன்காரனின் காய்க்கு உப்பிட்டால்
யார் யாரை நினைப்பது?
ஆயிரத்துச் சொச்சம் காய்.
விரலில் இருந்ததே தெரியாத வெட்டுகளையெல்லாம்
சாறு தேடிக் கண்டுபிடித்தது.
நான் ஸ்ஸ் என்றேன்.
இவர் பேப்பரைத் திருப்பினார்.

மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிகளுக்கு நடுவே
பழைய வேட்டி விரித்துப் பரப்பினேன்.
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காலி வீதியின் ஹோன்.
பத்துமணி வெயில் பச்சையை மஞ்சளாக்கும்.
இரண்டு மணிக்கு மழை வந்து
அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிடும்.
கொழும்பில் ஐப்பசி மழைக்கு நேரசூசி உண்டு,
ரயிலுக்குத்தான் இல்லை.

ஆறாம் நாள் லிப்டில் அறிவித்தல்.
சங்கச் செயலாளர் பெரேரா
மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தார்.
தமிழில் மட்டும் ஓர் எழுத்துக் கூடி
‘கூரையில் உணர்வு காயவைப்பது தடை.’
மகள் சாம்பவி படம் எடுத்து
அப்பாவுக்கு அனுப்பினாள்.
பக்கத்து அறையில் ஒரு செருமல் கேட்டது.
சிரிப்பாகவும் இருக்கலாம்.

ஆகவே உணர்வுகள் எங்கள் கட்டிலுக்கு வந்தன.
மெத்தையில் பொலித்தீன், அதன்மேல் சேலை,
சேலைமேல் தேசிக்காய். மின்விசிறி ஐந்தில்.
நாங்கள் ஹோலில், ஒரே பாயில்,
முதுகோடு முதுகு.

எத்தனையாம் இரவோ, விழித்துப் பார்த்தால்
பாயில் ஆளில்லை.
அறையில் சின்ன வெளிச்சம்.
போன் டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒவ்வொரு காயாகப் புரட்டிக்கொண்டிருந்தார்,
புறக்கோட்டைக் கடையில் ஆணி எண்ணுகிற அதே கவனம்.
பூஞ்சணம் பிடித்த ஒன்பதைத்
தனியே ஒரு தட்டத்தில் வைத்திருந்தார்.
சத்தமில்லாமல் வந்து படுத்துவிட்டேன்.

மூன்றாம் மாடி ரசீனா ஜல்தீன் சொன்னாள்,
பேரீச்சம்பழம் போடு, வினாகிரி ஊற்று,
கடுகை இஞ்சியோடு அரை, அவசரப்படாதே.
செத்தல் வறுத்த அன்று
மாடிக்கு மாடி தும்மல்.
பெரேராவின் தும்மல் எனக்குத் தனியாகத் தெரியும்.

முப்பத்தொரு போத்தல்.
ஜாம் போத்தல், ஹோர்லிக்ஸ் போத்தல்,
மூடி தொலைந்ததற்குத் துணியும் நூலும்.
இவர் எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதினார்.

பங்குனியில் கேதீஸ் வந்தான், சொல்லாமல்,
சாப்பாட்டு நேரம் பார்த்து.
பிட்டு, சொதி, ஓரத்தில் ஊறுகாய்.
விரலை நக்கிவிட்டுக் கேட்டான்,
“அக்கா, இது எந்தக் கடையில?”
நான் வாய் திறக்கமுன் இவர் சொன்னார்,
“வட்டி. முதல் இன்னும் வரேல்லை.”

தம்பிக்குப் புரைக்கேறியது.
தண்ணீர் வார்த்துக் கொடுத்ததும் இவர்தான்.
“உப்புக் கொஞ்சம் கூட அத்தான்,” என்றபடி
இன்னொரு துண்டு எடுத்தான், வெட்கமில்லாதவன்.

அவன் போனபின் அலுமாரியைப் பார்த்தேன்.
இரண்டு போத்தல் குறைந்திருந்தது.
நான் கொடுக்கவில்லை.
மேசையில் கத்திரித்த பத்திரிகைத் துண்டுகளும்
ரப்பர் பாண்டும் கிடந்தன.
கொப்பியை எடுத்துப் பார்த்தேன்.
முப்பத்தொன்று,
அடிக்கோடு போட்டபடி, அப்படியே.